மூடாத துப்பாக்கி

பழைய துப்பாக்கிக்கு மதிப்புச் சொல்லும் தொழிலில் துப்பாக்கியால் எந்த ஆபத்தும் கிடையாது. மதிப்பைக் கேட்டபிறகு அதைக் கொண்டுவந்தவர் நம்மைப் பார்க்கும் பார்வையில்தான் ஆபத்தெல்லாம் இருக்கிறது.

திருப்பூரில் என் வீட்டுக்காரர் அரசு உரிமம் பெற்ற துப்பாக்கிக் கடை வைத்திருக்கிறார். பின்னால் பட்டறை, முன்னால் ஒரு மேஜை, இரண்டு நாற்காலி. அவர் பழுது பார்ப்பார், பேசமாட்டார். பேசுவது என் வேலை. நான் பதினொரு வருடம் ஒரு பனியன் ஏற்றுமதிக் கம்பெனியில் மெர்ச்சண்டைசராக இருந்தவள். ஊசியில் நூல்கூடக் கோக்காத ஆர்டருக்கு, "சரக்கு நாளைக்குக் கப்பல் ஏறிவிடும்" என்று கூசாமல் இங்கிலாந்துக்கு மெயில் அடித்துப் பழகிய கை இது. இன்றைக்கு அதே இங்கிலாந்துக்கு, "உங்கள் கம்பெனி செய்த இந்தத் துப்பாக்கி யாருக்காகச் செய்தது, எப்போது செய்தது?" என்று எழுதுகிறேன். குழலுக்கு அடியில் இருக்கும் நம்பரையும் முத்திரையையும் படித்து, அது யார் யார் கை மாறி இங்கே வந்தது, இன்றைக்கு என்ன பெறும் என்று எழுதிக் கொடுப்பேன். முன்காலத்தில் கையாலேயே இழைத்து, சித்திரம் செதுக்கிச் செய்த உயர்ரக இரட்டைக்குழல் துப்பாக்கிகள் நம் பக்கத்துப் பீரோக்களில் இன்னும் சில தூங்குகின்றன. மற்றவை தூங்கட்டும் என்று விட்டுவிடலாம்.

உங்கள் வீட்டிலும் ஒரு பழைய கடிகாரமோ கிராமபோனோ இருக்கும். அதைப் பார்த்த சித்தப்பா ஒருத்தர், "இது இப்போ கோடிக்குப் போவுது" என்று சொல்லியிருப்பார். அன்றிலிருந்து வீட்டில் யாரும் நிம்மதியாகத் தூங்கியிருக்க மாட்டீர்கள். நீங்களும் என் கட்சிதான். வாருங்கள், உட்காருங்கள்.

துரை கொடுத்தது

எங்களிடம் வரும் துப்பாக்கிகளில் முக்கால்வாசி ஏதோ ஒரு துரை கொடுத்தது. ஒரு துரைகூட விலைக்கு விற்றதாகத் தெரியவில்லை. எல்லோரும் கப்பலேறும் முன்னால் கொங்கு நாடு முழுக்கச் சுற்றிவந்து கையில் இருந்ததை அள்ளிக் கொடுத்துவிட்டுத்தான் போயிருக்கிறார்கள்.

அவிநாசிப் பக்கம் விசைத்தறி வைத்திருக்கும் ஒருவர் பட்டு வேட்டியில் சுற்றி ஒரு துப்பாக்கியைக் கொண்டுவந்தார். சிறுத்தையிடமிருந்து கலெக்டர் துரையைக் காப்பாற்றியதற்காக அவருடைய அப்பாருக்கு, அதாவது அப்பாவின் அப்பாவுக்கு, அந்தத் துரையே தோளில் மாட்டிவிட்டாராம். குழலைக் கழற்றித் திருப்பினேன். அடியில் நம் நாட்டு அரசுத் தொழிற்சாலையின் முத்திரை, சுதந்திரத்துக்குப் பிறகு அடித்தது, பளிச்சென்று இருந்தது. இதை எப்படி வாய்விட்டுச் சொல்வது? பூதக்கண்ணாடியை அவர் கையிலேயே கொடுத்தேன். இரண்டு தடவை படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு மூன்றாவது தடவையும் படித்தார். பிறகு கொஞ்சமும் அசராமல் சொன்னார்: "அப்படின்னா சீமைக்குப் போன தொரை, மனசு கேக்காமத் திரும்பி வந்து குடுத்துட்டுப் போயிருக்காருங்க."

நாற்பது வருடத் தேங்காய் எண்ணெய்

காங்கேயத்தில் எண்ணெய் மில் வைத்திருக்கும் ஒருவர் கொண்டுவந்தது உண்மையிலேயே நல்ல சாதித் துப்பாக்கி. ஆனால் விசையை இழுத்தால் அசையவில்லை. குழலைத் திறக்கும் லீவரைத் தள்ளினால் அதுவும் அசையவில்லை. துப்பாக்கி முழுக்கக் கருவாட்டு நிறத்தில் ஏதோ பூச்சு. மோந்து பார்த்ததும் புரிந்துவிட்டது. அப்பா காலத்திலிருந்து ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும், சொந்த மில்லில் முதல் ஆட்டத்தில் வந்த எண்ணெயைத் தடவிக் குளிப்பாட்டியிருக்கிறார்கள். தேங்காய் எண்ணெய் காய்ந்தால் பிசினாகும். நாற்பது வருடப் பிசின் உள்ளே இருக்கிற ஒவ்வொரு ஸ்பிரிங்கையும் பிடித்து உட்காரவைத்திருந்தது.

என் வீட்டுக்காரருக்கு இதுமாதிரி வேலை கொடுத்துவிட்டால் சாப்பாடு வேண்டாம். நான்கு நாள் மண்ணெண்ணெயில் ஊறவைத்து, பல் துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்து, கொஞ்சம் கொஞ்சமாக எடுத்தார். அடியில் இரும்பில் செதுக்கிய வாத்துகள், நாணல், ஓடும் நாய் எல்லாம் நேற்று செதுக்கியதுபோல வெளியே வந்தன. ஒரு பொட்டுத் துரு இல்லை. காற்றே படாமல் பிசின் காப்பாற்றியிருக்கிறது. நான் திட்டுவதற்கென்று எழுதி வைத்திருந்ததையெல்லாம் விழுங்கிவிட்டு, மதிப்பை இரண்டு மடங்காகத் திருத்தினேன். மில்காரர் அந்தத் தாளைப் பார்க்கவே இல்லை. நாயைத்தான் தடவிப் பார்த்தார். "நம்ம மில்லு எண்ணெய் சுத்தமுங்கன்னு ஊரெல்லாம் சொல்றது சும்மாவுங்களா?"

ஒட்டுப்போட்டது

கவிதா வந்தது ஒரு திங்கட்கிழமை. பல்லடத்தில் ஒரு பனியன் கம்பெனியில், தைத்து வந்ததைச் சரிபார்க்கும் டேபிள் செக்கிங் சூப்பர்வைசர். ஊர் குண்டடம் பக்கம். கம்பெனிக்கு அரை நாள் லீவு சொல்லிவிட்டு, காக்கி உடையில் ஒரு ஏட்டையாவையும் ஸ்டேஷன் கடிதத்தையும் கூட்டிக்கொண்டு வந்திருந்தார். அப்பா வேலுச்சாமி இறந்து ஒரு மாதம். லைசென்ஸ் வைத்திருந்தவர் போய்விட்டால் துப்பாக்கி வீட்டில் இருக்கக்கூடாது, எங்களைப் போன்ற கடையில் ஒப்படைக்க வேண்டும். பிறகு வாரிசு லைசென்ஸ் கேட்கலாம், இல்லையென்றால் லைசென்ஸ் உள்ள வேறொருவருக்கு மாற்றிக் கொடுக்கலாம். இரண்டும் நடக்கவில்லை என்றால் அரசாங்கத்தில் சேர்த்துவிட வேண்டியதுதான். அவர்கள் அதை வெட்டி உருக்கிவிடுவார்கள். கவிதாவுக்கு வீட்டில் இரண்டு சின்னப் பிள்ளைகள், துப்பாக்கி வைத்துக்கொள்ள இஷ்டமில்லை. ஆனால் வெட்டக் கொடுக்கவும் மனமில்லை. அப்பா தினமும் துடைத்து வைத்த பொருள், யாராவது மதித்து வைத்துக்கொள்பவர் கையில் போகவேண்டும். மூன்று மாதம் தவணை இருந்தது.

நான் அன்றைக்கு ஒரு அவசரத்தில் இருந்தேன். துப்பாக்கி இரட்டைக்குழல், ஒரு காலத்தில் ராஜா மாதிரி இருந்திருக்க வேண்டும். ஆனால் குழலை மடக்கினால் முழுசாக மூடவில்லை. ஒரு நூல் இடைவெளி நின்றது. மூடாத துப்பாக்கி சுடாது. குழலுக்கு அடியில் இருக்கும் நம்பரின் கடைசி இலக்கத்தையும், விசைகள் இருக்கும் நடுப்பகுதியில், பட்டறையில் நாங்கள் பாடி என்போம், அதில் உள்ள நம்பரின் கடைசி இலக்கத்தையும் பார்த்தேன். இரண்டும் வேறு வேறு. அவ்வளவுதான், தீர்ப்பு எழுதிவிட்டேன். "இது ஒட்டுப்போட்டதுங்க. ஒரு துப்பாக்கியின் குழலை இன்னொரு துப்பாக்கியில் மாட்டியிருக்கிறார்கள். இதை யாரும் வாங்கமாட்டார்கள்."

கவிதா துப்பாக்கியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். "மூடாதுன்னு எனக்குத் தெரியுமுங்க. சின்னப்புள்ளைல கேட்டப்போ, 'எங்கோவத்துக்கு மூடாத துப்பாக்கிதான் கண்ணு சரி'ன்னு எங்கப்பா சொல்லுவாரு. அவரு காசு குடுத்து ஏமாந்த ஆளு மாதிரி பேசலீங்க. நீங்க இன்னொருக்காப் பாருங்க."

கை மாறிய பீஸ்

சொன்னதற்காக இன்னொரு முறை பார்த்தோம். நான் இல்லை, வீட்டுக்காரர். காங்கேயத்துப் பிசின் அனுபவம் கையில் இருந்ததால் மெதுவாகத் துடைத்தார். இரண்டு குழலும் சேரும் இடத்தில், மேலே நீளமாக ஓடும் பட்டையில், அழுக்குக்கு அடியில் தங்கத்தில் பதித்த 1 வெளியே வந்தது. பாடியின் மேலிருக்கும் லீவரைத் துடைத்தால், அதிலும் தங்கம். ஆனால் அங்கே 2. நான் அதையும் என் கட்சிக்குச் சாட்சியாக எடுத்துக்கொண்டேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமை கவிதா வந்ததும், "பார்த்தீர்களா, தங்க நம்பரே ஒத்துப்போகவில்லை" என்று வெற்றிக்களிப்போடு காட்டினேன்.

கவிதா தன் ஆள்காட்டி விரலை 1-ல் வைத்தார். பிறகு 2-ல் வைத்தார். தைத்த பனியன் பீஸைத் திருப்பிப் பார்ப்பதுபோலத் துப்பாக்கியைத் திருப்பி, அடியில் இருந்த இரண்டு நீள நம்பர்களையும் நிதானமாக முழுசாகப் படித்தார். நான் கடைசி இலக்கத்தை மட்டும் பார்த்தேன் என்று சொன்னேனே, மற்ற எல்லா இலக்கமும் ஒன்றுதான். ஒன்று நாற்பத்தொன்றில் முடிகிறது, மற்றது நாற்பத்திரண்டில். அடுத்தடுத்த நம்பர்கள். என் முகத்தில் என்ன தெரிந்ததோ, கவிதா மரியாதையாகவே கேட்டார். பதினொரு வருடம் ஏசி ரூமில் உட்கார்ந்து மெயில் அடித்த எனக்கு, டேபிளில் நின்று பீஸ் பிடித்தவர் கேட்ட கேள்வி அது: "ஏனுங்க, எங்க கம்பெனியில ஒரு பீஸ்ல வேற பீஸோட கை மாறி வந்துச்சுன்னா ரிஜெக்ட்டுன்னு தூக்கிப் போட மாட்டமுங்க. பண்டல் நம்பரைப் பாத்துட்டு, இதோட கையி எந்த பீஸ்ல போயி ஏறியிருக்குதுன்னு தானுங்க தேடுவோம்?"

லண்டன்காரரின் பதினைந்து நாள்

முன்காலத்தில் பணக்கார வேட்டைக்காரர்கள் துப்பாக்கியை ஜோடியாகத்தான் செய்யச் சொல்வார்கள். ஒன்றில் சுடும்போது உதவியாள் மற்றதில் தோட்டா போட்டு வைத்திருப்பான். பார்க்க இரண்டும் அச்சு அசலாக ஒன்றுபோல இருக்கும். ஆனால் ஒவ்வொரு குழலும் அதனதன் பாடிக்கென்று கையால் இழைத்தது. மாற்றி மாட்டினால் உள்ளே போகும், மூடாது. ஜோடி சேர்ந்திருந்தால் மதிப்பு தனித்தனியே இருப்பதைப்போல இரண்டு மடங்கு அல்ல, அதற்கும் கணிசமாக மேல். காங்கேயம் சந்தையில் ஜோடி மாடு பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

அந்தத் துப்பாக்கியைச் செய்த லண்டன் கம்பெனி இன்னும் இருக்கிறது. பழைய ஆர்டர் புத்தகங்களைப் பார்த்துப் பதில் சொல்வதற்கென்றே ஒருவர் இருக்கிறார். அன்றைக்கே எழுதினேன். பதில் இல்லை. நான்காம் நாள் ஒரு நினைவூட்டல். "புத்தகம் வேறு கட்டிடத்தில் இருக்கிறது, பொறுத்துக்கொள்ளவும்." எட்டாம் நாள் இன்னொன்று. "மழையால் அந்தக் கட்டிடத்துக்குப் போகமுடியவில்லை." இந்தச் சாக்குகளையெல்லாம் நான்தான் அவர்களுக்கு ஏற்றுமதி செய்தேனோ என்று சந்தேகம் வந்துவிட்டது. பதினைந்தாம் நாள் பக்கத்தின் படமே வந்தது. ஆனைமலைத் தேயிலைத் தோட்டத்துக்காரர் ஒருவருக்காகச் செய்த ஜோடி, எண் ஒன்று, எண் இரண்டு, ஒரே தோல் பெட்டியில். அடியில் அந்த மனிதர் ஒரு வரி எழுதியிருந்தார்: மற்றது எங்கே என்று தெரிந்தால் எனக்கும் சொல்லுங்கள். நான் மகிழ்ச்சியில் குதித்ததைவிட, இத்தனை நாள் காக்கவைத்தானே என்று பொருமியதுதான் அதிகம். பட்டறையிலிருந்து வீட்டுக்காரர் அந்த வாரத்துக்கான வாக்கியத்தைச் சொன்னார்: "பதினோரு வருசம் நீ அவங்களக் காக்க வெச்சே. பதினஞ்சு நாள் தானே, உடு."

உடுமலையிலிருந்து ஒரு குரல்

மற்றது எங்கே என்பதைக் கண்டுபிடிக்க லண்டன் வரை போகவேண்டியிருக்கவில்லை. கவிதாவுக்கே தெரியும். அவருடைய பெரியப்பா நாச்சிமுத்து உடுமலைப்பேட்டைப் பக்கம் தென்னந்தோப்போடு இருக்கிறார். அண்ணன் தம்பி இருவரும் பாகம் பிரித்துக்கொண்டு முப்பத்திரண்டு வருடம். அன்றோடு பேச்சு நின்றது. ஆளுக்கு ஒரு துப்பாக்கி என்று பிரித்ததும் தெரியும். குழல் எப்படி மாறியது என்பதுதான் தெரியாது. அப்பாவின் சாவுக்குப் பெரியப்பா வந்தார், பந்தலுக்குள் வராமல் வீதிக்கோடியில் வேப்பமரத்தடியில் நின்றுவிட்டுப் போனார் என்று கவிதா சொன்னார்.

நான் போன் செய்தேன். பனியன் வாங்கும் வெளிநாட்டு பையருக்குப் பேசிய அதே தேன் குரலில், ஐயா, உங்கள் துப்பாக்கி ஒரு அபூர்வமான ஜோடியில் ஒன்று என்று ஆரம்பித்தேன். கவிதாவின் பெயரைச் சொன்னதும், காற்றாலைச் சத்தத்துக்கு நடுவே கனைத்தார். "அந்தப் புள்ள மேல எனக்கு ஒண்ணுமில்லீங்க. குழல மாத்திக் குடுங்கன்னு பஞ்சாயத்துல எந்திரிச்சுக் கேட்டது என்ற தம்பிங்க. கூடப் பொறந்தவன் சுட்டுப்போடுவான்னு நெனச்சவன் துப்பாக்கிய வெச்சு நான் என்ன பண்ணட்டும்? போன வெய்யுங்க."

ஆரஞ்சு

தவணையில் இரண்டு மாதம் ஓடிவிட்டது. இதற்கிடையில் கவிதாவின் துப்பாக்கியை வாங்க ஒரே ஒருவர்தான் வந்தார். லைசென்ஸ் உண்டு, புதிதாகக் கட்டிய ஏற்றுமதிக் கம்பெனி உண்டு. வரவேற்பறைச் சுவரில் மாட்ட வேண்டுமாம். மூடாவிட்டால் பரவாயில்லை, கோந்து போட்டு ஒட்டிவிடலாம் என்றார். கவிதாவைக் கேட்டேன். வெட்டுவதற்கு இது தேவலையா என்று அவர் ஒரு நாள் முழுக்க யோசித்தார். அந்த ஒரு நாளுக்குள் வாங்க வந்தவரே எங்களைக் காப்பாற்றிவிட்டார். மறுநாள் இன்டீரியர் ஆளோடு வந்து, தோளில் வைக்கும் வாதுமை மரக் கட்டையைத் தட்டிப் பார்த்துக் கேட்டார்: "நம்ம லோகோ ஆரஞ்சுங்க. கட்டைய ஆரஞ்சு பெயின்ட்டு அடிச்சுக் குடுத்தருவீங்களா?"

என் குழலைக் கொடுங்கள்

தவணை முடிய ஒரு வாரம் இருக்கும்போது உடுமலைக்கு மறுபடியும் போன் போட்டேன். இந்த முறை தேன் எல்லாம் கலக்கவில்லை. "ஐயா, அடுத்த வாரம் இதை வெட்டுவதற்கு அனுப்பிவிடுவோம். இதில் இருப்பது உங்கள் ஒன்றாம் நம்பர் குழல். அதுவும் சேர்ந்து போய்விடும். தெரிவிக்க வேண்டியது என் கடமை." அவர் போனை வைத்துவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை, கவிதா கடைசியாக ஒரு முறை பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட வந்திருந்தபோது, வெள்ளை வேட்டியில் ஒருவர் உள்ளே வந்தார். தோளில் உறை போட்ட துப்பாக்கி, சட்டைப் பையில் லைசென்ஸ். எழுபது தாண்டியிருக்கும், முதுகு வளையவில்லை. "என்ற குழல வாங்கிட்டுப் போலாம்னு வந்தனுங்க" என்று என்னைப் பார்த்துச் சொன்னார். கவிதா எழுந்து நின்றார். இருவரும் ஒருவரை ஒருவர் பார்க்கவில்லை. கடையில் இருப்பதே இரண்டு நாற்காலி, இரண்டும் காலியாகக் கிடந்தன. நான் உறையை வாங்கி உள்ளே கொடுத்தேன். வீட்டுக்காரர் இரண்டையும் மேஜைமேல் துணி விரித்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். நாச்சிமுத்து கொண்டுவந்ததில் லீவரில் 1, குழலில் 2. குழல்களைக் கழற்றினார். மாற்றினார். ஒன்றை மடக்கினார், மூடியது. மற்றதை மடக்கினார், அதுவும் மூடியது. எவர்சில்வர் சம்படத்துக்கு அதனுடைய சொந்த மூடி கிடைத்தால் ஒரு சத்தம் வருமே, அவ்வளவுதான் சத்தம். எனக்கு அந்த இடத்திலேயே அழுகை வந்துவிட்டது. தொழில் மரியாதையை எண்ணி ரசீது புத்தகத்தைத் தேடுவதுபோலக் குனிந்துகொண்டேன்.

அவர் போனில் சொன்னதை என் வழியாகக் கேட்டிருந்த கவிதா அப்போதுதான் பேசினார். "பெரியப்பா, அப்பா உங்களைய நம்பாம மாத்திக் கேக்கலீங்க. அவரு கோவத்தைத்தான் அவரு நம்பல. 'எங்கோவத்துக்கு மூடாத துப்பாக்கிதான் சரி'ன்னு எங்கிட்ட எத்தனையோ தடவ சொல்லியிருக்காரு. உங்களப் பத்தி ஒரு சொல்லு தப்பாச் சொல்லி நான் கேட்டதில்லீங்க." நாச்சிமுத்து மேஜையைப் பிடித்துக்கொண்டு மெதுவாக நாற்காலியில் உட்கார்ந்தார். தம்பியின் இரண்டாம் நம்பர் துப்பாக்கியைத் தடவினார். சுடாத துப்பாக்கிக்கு முப்பத்திரண்டு வருடமாக லைசென்ஸைப் புதுப்பித்து, ஒவ்வொரு தேர்தலுக்கும் ஸ்டேஷனில் ஒப்படைத்துத் திரும்ப வாங்கி, அவர் எதற்காக இந்தப் பாடு பட்டார் என்று நான் கேட்கவில்லை. அவராகவே சொன்னார், என்னிடம் இல்லை, கவிதாவிடம்: "கோவம் போயி என்னைக்காச்சும் வந்து 'அண்ணா, என்ற குழலக் குடு'ன்னு கேப்பான், அப்ப எடுத்துக் குடுக்கோணுமில்ல கண்ணு, அதுக்கோசரம் வெச்சிருந்தேன்."

மதிப்பு

இன்றைய சட்டப்படி ஒரு லைசென்ஸில் இரண்டு துப்பாக்கி வைத்துக்கொள்ளலாம். பெரியப்பாவின் லைசென்ஸில் இரண்டாம் நம்பரையும் சேர்க்க மனு எழுதினோம். வெட்டுவதற்கான காகிதத்தைக் கவிதா கையெழுத்துப் போடாமலேயே திருப்பிக் கொடுத்தார். தோல் பெட்டி இன்னும் தோப்பு வீட்டுப் பரணில் இருக்கிறதாம், அதில் பாகப்பிரிவினை வரை இரண்டும் ஒன்றாகப் படுத்திருந்தன. துரை ஊருக்குப் போகும்போது வண்டிக்கு வாங்கிய ஒரு ஜோடிக் காங்கேயம் காளைக்கு ஈடாக அண்ணன் தம்பியின் அப்பாவிடம் அந்தப் பெட்டியைக் கொடுத்தாராம். சந்தேகத்தோடுதான் கேட்டேன், ஆனால் இந்த ஒரு துரைக் கதை உண்மைதான், ஆர்டர் புத்தகத்திலிருக்கும் தோட்டமும் அவர் சொன்ன தோட்டமும் ஒன்றே. அவிநாசிக்காரரிடம் மனதுக்குள் மன்னிப்புக் கேட்டுக்கொண்டேன். லண்டன்காரருக்கும் அன்றைக்கே எழுதிப்போட்டேன், மற்றது கிடைத்துவிட்டது என்று. இந்த முறை பதில் பத்து நிமிடத்தில் வந்தது.

மனு ஒப்புதலாகி இருவரும் சேர்ந்து வந்த நாளில், வழக்கம்போல மதிப்புத் தாளை நீட்டினேன். ஜோடியாக இருந்தால் எவ்வளவு பெறும், தனித்தனியாகப் பிரிந்தால் எவ்வளவு பெறும், இரண்டையும் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதியிருந்தேன். கவிதா ஒரு நாற்காலியிலும் பெரியப்பா ஒரு நாற்காலியிலும் உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டிருந்தார்கள். குண்டடத்துக்கு வரும் ஞாயிறு பெரியப்பா சாப்பிட வருவதாகப் பேச்சு. தோப்பிலிருந்து வெட்டிக்கொண்டு வரவேண்டிய இளநீர் எத்தனை என்பதில் ஒரு சின்னத் தகராறுகூட நடந்தது. பெரியப்பா தாளை வாங்கித் தூரத்தில் பிடித்துப் படித்தார். மேல் வரியைப் பார்த்தார், கீழ் வரியைப் பார்த்தார். பிறகு நான்காக மடித்துக் கவிதாவின் கையில் கொடுத்துவிட்டு, நிஜமான வருத்தத்தோடு என்னைக் கேட்டார்: "சேந்திருந்தா இவ்வளவு, பிரிஞ்சா இவ்வளவுதான்னு இத்தனை தெளிவா எழுதறீங்களே அம்மிணி, முப்பத்திரண்டு வருசத்துக்கு முன்னாடி அந்தப் பஞ்சாயத்துக்கு வந்து இதைப் படிச்சிருக்கக் கூடாதுங்களா?"

அப்போது நான் ஏழாம் வகுப்பில் படித்துக்கொண்டிருந்தேன் என்று சொல்ல வாயெடுத்து, எங்கள் தொழிலில் யாரும் சரியான நேரத்துக்கு வருவதில்லை, பிந்தி வருகிறவர்களுக்காகத்தான் கடையில் ஒன்றுக்கு இரண்டாய் நாற்காலி போட்டிருக்கிறோம் என்று நினைத்துக்கொண்டு, இன்னும் இரண்டு காபிக்குச் சொன்னேன்.